வகுக்க வேண்டியது எந்த வோல்டேஜை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட் என்று கண்டுபிடிக்கும் கணக்கைப் படித்தேன். தேய்ப்புப் பெட்டிக்குச் சொன்னது சரி. 1000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும், தடை 53 ஓமை ஒட்டி வரும். ஆனால் அதே கையோடு பம்புசெட் மோட்டாருக்கும் வகுத்துக் காட்டிவிட்டீர்கள். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அம்பாசமுத்திரத்தில் 30 வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஓம். அதே மோட்டாரைக் கழற்றி, ஓடும் காயிலில் மீட்டரை வைத்தால் சில ஓம்தான் காட்டும். ஏ.சி.யில் மோட்டாரின் கரண்டைப் பெரும்பாலும் அடக்கி வைப்பது காந்தமும், உள்ளே சுற்றும் பாகமான ரோட்டாரின் சுழற்சியும். கம்பியின் தடைக்கு அதில் சின்னப் பங்குதான். வாட்டும் அப்படியே. 230-ஐ 10-ஆல் பெருக்கி வரும் 2300-ஐப் பவர் ஃபேக்டரால் (அதில் உண்மையாகச் செலவாகும் பங்கு, ஒன்றுக்குக் குறைவான எண்) மறுபடி பெருக்கினால்தான் வாட்.

அப்படியானால் அந்தச் சூத்திரம் தோட்டக்காரருக்கு உதவாதா? நன்றாக உதவும், மோட்டாரில் அல்ல, ஒயரில்.

களக்காட்டுப் பக்கம் ஓர் ஏத்தன் வாழைத் தோட்டம். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் முனகுகிறது, காயில் போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். காயிலில் குறையே இல்லை. மோட்டார் ஓடும்போது மீட்டர் போர்டில் 228 வோல்ட், 100 மீட்டர் தள்ளிக் கிணற்றடியில் 204. ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 10 ஆம்பியர். நடுவில் காணாமல் போன 24 வோல்ட்டை 10-ஆல் வகுத்தால் ஒயரின் தடை 2.4 ஓம். அது இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர். போக வர 200 மீட்டருக்கு ஒன்றரை ஓம்தான் இருக்க வேண்டும். மீதி 0.9 ஓம் எங்கே?

ஒயரைத் தொட்டுக்கொண்டே போகவில்லை, அப்படி யாரும் செய்யவும் கூடாது. மெயினை அணைத்துவிட்டு நடந்து பார்த்தோம். வாழை மூட்டில் இரண்டு முறுக்கு ஜாயின்ட். டேப் உருகிப் பாகு மாதிரி ஒட்டியிருந்தது, பிரித்தால் உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. 10 ஆம்பியரின் வர்க்கத்தை 0.9-ஆல் பெருக்கினால் 90 வாட். காய்ந்த வாழைச் சருகுக்கு நடுவே அந்த 90 வாட்டும் சூடாகிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது. கறுத்ததை வெட்டி எறிந்துவிட்டு ஸ்லீவ் (ஒயர் முனைகளை இணைக்கும் சின்ன உலோகக் குழல்) போட்டு அழுத்தினோம். கிணற்றடியில் 213 வந்தது, முனகலும் நின்றது. இன்னும் தடித்த ஒயர் இழுத்தால் மிச்சச் சரிவும் குறையும்.

பிள்ளைகள் 230 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். எந்தப் பொருளின் தடை வேண்டுமோ, அந்தப் பொருளின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள வோல்டேஜைத்தான் கரண்டால் வகுக்க வேண்டும். கட்டுரையில் இந்த வரியே இல்லை. அடுத்த இதழில் மோட்டார் கணக்கைத் திருத்தி, அதன் பக்கத்தில் இந்த ஒயர் கணக்கையும் ஒரு படத்தோடு போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பார்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி ஒருவர்,
அம்பாசமுத்திரம்.