வாசிகசாலை வைஃபைக்கு

அட்டன்,
ஞாயிறு மாலை

அன்பின் நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மா தேறிவருகிறார் என்று வாசித்ததும்தான் மனம் ஆறியது. பொகவந்தலாவையைப் போலவே இங்கும் மழை விட்டபாடில்லை.

வாசிகசாலையின் 4ஜி வைஃபை விசயத்துக்கு வருகிறேன். ஒரு பிள்ளை வீடியோ ஏற்றத் தொடங்கினாலே ஸூம் வகுப்பில் டீச்சரின் குரல் அறுந்துபோகிறது, பிங், அதாவது ஒரு பொதி போய்ப் பதில் வர எடுக்கும் நேரம், 45 மில்லிசெக்கனிலிருந்து 900க்கு ஏறுகிறது என்கிறாய். இதற்கு மூடுபனியைக் குறை சொல்லாதே மச்சான். 4ஜி அலையை அது மறிப்பதில்லை. மேலே போகவேண்டிய தரவுப் பொதிகள் 4ஜி மோடத்துக்குள் குவிந்து கிடக்கின்றன, குரல் பொதி அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. ஸூமுக்கு முன்னுரிமை போட்டும் பலன் கிடைக்காதது இதனால்தான்: வரிசை ரூட்டரின் கைக்கு வெளியே இருக்கிறது. முதலில் ரூட்டரில் வேகத்தை இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டு, வரிசை ரூட்டருக்குள் வந்துவிடும்.

மூன்று நாள், இரவு 7 முதல் 10 வரை இணைப்பின் வேகத்தை அளந்து பார். சராசரியை விடு, ஆகக் குறைந்ததை எடு. டவுன்லோட் 9, அப்லோட் 2.4 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்) என்றால் 85 வீதம் போடு: 7650, 2040. ரூட்டரில் வரிசையையும் வேகத்தையும் கட்டும் எஸ்கியூஎம் (SQM) பக்கம் கேட்பது கிலோபிட். 9 என்று மட்டும் அடித்தால் இணைப்பே செத்துவிடும். 0 போட்டால் கட்டுப்பாடே இல்லை. இன்டர்ஃபேஸாக 4ஜி பக்கத்தைத் தேர்ந்தெடு. உள் வலையைத் தேர்ந்தால் டவுன்லோடும் அப்லோடும் இடம்மாறிவிடும். வரிசை முறைக்கு கேக் (CAKE) என்பதைத் தேர்ந்தெடு. அது 2018இல் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் வந்தது. தனி விதி எழுதாமலே குரல் போன்ற மெல்லிய ஓட்டங்களைப் பெரிய ஏற்றங்களுக்குப் பின்னால் காத்திருக்க விடாது. பொதிகளைக் குறுக்குவழியில் அனுப்பும் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை மறக்காமல் நிறுத்து. அது ஓடினால் பொதிகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலே கடந்துபோகும், நீ போட்ட இலக்கமெல்லாம் வீண்.

இனி காற்றுப் பக்கம், அதாவது வைஃபை. குரலுக்கும் வீடியோவுக்கும் வைஃபையில் முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம்மை (WMM) அணைத்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அணைத்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். தோட்டத்தின் கடைசி லய வீட்டிலிருந்து 1 எம்பிபிஎஸ்ஸில் தொங்கும் ஒரு போன், அருகிலுள்ள பத்துப் போன்களின் நேரத்தைத் தின்னும். பழைய வைஃபை வகையான 802.11பி-யின் வேகங்களை நிறுத்து. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சனல் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ் போதும். சனல் 1, 6, 11இல் நெரிசல் குறைந்தது எதுவோ அது.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவை. ஸூம் குழு வகுப்பில் ஒரு கெமராவுக்கு அப்லோட் சுமார் 1 எம்பிபிஎஸ் வேண்டும். உன் 2 எம்பிபிஎஸ் அப்லோடில் இரண்டு கெமரா திறந்தாலே நிறைந்துவிடும். எந்த விதியாலும் இல்லாத வேகத்தை உண்டாக்க முடியாது. டீச்சரின் கெமரா திறந்திருக்கட்டும், மற்றவர்களுக்குக் குரல் போதும்.

எல்லாம் போட்டபின், ஒரு போனில் பெரிய வீடியோவை ஏற்றவிட்டு இன்னொன்றில் பிங் பார். 100 மில்லிசெக்கனுக்கு மேல் நின்றால் எஸ்கியூஎம்மில் போட்ட அப்லோட் இலக்கத்தை 200 200 கிலோபிட்டாகக் குறை. எந்த இலக்கத்தில் அடங்கியது என்று எழுது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்