நீலம் வண்ணமன்று, கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய இடைக்காலப் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவின் உருவம்) ஒன்றின் படத்துக்குக் கீழே, ‘நீல வண்ணம் பூசிய செம்புச் சிலை’ என்று அச்சாகியிருந்தது. புதுச்சேரியில் நெடுங்காலம் நகைவேலை செய்தவன் என்ற முறையில் இதைத் திருத்த விரும்புகிறேன்.

பிரான்சின் லிமோஜ் நகரப் பட்டறைகளில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஏராளமாக உருவான இத்தகைய சுரூபங்களில் தெரியும் நீலம், உண்மையில் கண்ணாடி. செம்பில் உளியால் பள்ளம் வெட்டி, கோபால்ட் சேர்த்து நீலமாக்கிய கண்ணாடியைப் பொடித்து, நீரில் குழைத்து அதில் நிரப்பி உலையில் வைத்தால், செம்பு உருகத் தேவையான 1085 டிகிரி செல்சியஸை எட்டுவதற்கு வெகு முன்னரே கண்ணாடி இளகிச் செம்பைப் பற்றிக்கொள்ளும். இதைத்தான் எனாமல் என்கிறோம். இளகிய பொடி அமுங்கிவிடுமாதலால், மீண்டும் நிரப்பி மீண்டும் சுட வேண்டும். பொறுமையற்றவனுக்கு ஆகாத வேலை. பின்னர் தேய்த்துச் சமன்செய்து, எஞ்சிய செம்பின்மீது பாதரசத்தில் கலந்த பொன்னைத் தடவிச் சூடேற்றினால், பாதரசம் ஆவியாகி முலாம் நிற்கும். முகமும் மார்பும் பொன்னாக மின்ன, இடுப்புத் துணி மட்டும் நீலமாக இருப்பது இதனால்தான். சிலவற்றில் கண்களுக்குச் சிறு கண்ணாடி மணிகளையும் பதித்திருப்பார்கள்; அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கண்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

முள்முடிக்குப் பதிலாக அரசமுடி இருப்பதைக் கைவினைஞரின் அறியாமை என்று எழுதியிருப்பதும் பொருந்தாது. சாவை வென்ற அரசராகக் கிறிஸ்துவைக் காட்டுவது அக்கால மரபு. ஆகவேதான் கண்கள் திறந்திருக்கும். பாதங்கள் பக்கம் பக்கமாக நிற்க, ஆணிகள் நான்காக இருக்கும். ஒரு பாதத்தின்மேல் மறுபாதம் வைத்து மூன்று ஆணிகளோடு துயருறும் உருவம் பரவலானது 13ஆம் நூற்றாண்டில்தான்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். வீட்டிலிருந்த பழைய எனாமல் சுரூபத்தைத் தவக்காலத்தில் புளி போட்டுத் துலக்கிவிட்டு, ‘பெயிண்ட் உதிர்ந்துவிட்டது, பூசிக் கொடுங்கள்’ என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. அழுத்தினால் செம்பு வளையும், கண்ணாடி வளையாது, தெறித்துவிடும்; தேய்த்தால் முலாமும் போகும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும்படி, அடுத்த இணைப்பில் திருத்தத்துடன் ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி