கயலின் முழங்கால்

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் நேற்று வந்தது. யாரும் மோதவில்லை, கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போதே கயலின் கால் மடங்கிவிட்டது, உள்ளே ‘டப்’ என்று கேட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் முழங்காலைத்தான் தொட்டுப் பார்த்தேன். ஹாக்கி மைதானத்தில் எனக்கும் அதே சத்தம்தான் கேட்டது. முழங்கால் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இப்படித்தானாம், அடுத்தவர் மோதி இல்லை, நாமே திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். அதனால் அவள் ஏதோ தப்பாக ஆடிவிட்டாள் என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டதே, இன்னும் தினமும் பிசியோதெரபிக்கு அலைய வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் வேண்டும். டாக்டர் செய்தது, தொடைக்குப் பின்னாலிருந்து தசைநார் எடுத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்த ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்தியது. அது ஜவ்வாக மாறி வேலை செய்யப் பல மாதம் ஆகும். அதுவரை முழங்காலைத் தாங்கப் போவது தொடைத் தசைதான். ஆனால் முட்டி வீங்கியிருந்தால் அந்தத் தசைக்கு மூளையிலிருந்து போகிற உத்தரவே தடைபட்டுவிடுகிறது.

எனக்கு ஆபரேஷன் ஆனபோது இதை நான் கண்ணால் பார்த்தேன். காலை நீட்டி உட்கார வைத்து, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, ‘தொடையை இறுக்கித் துண்டை அழுத்துங்க சார்’ என்றார் பிசியோ. பல்லைக் கடித்து அழுத்துகிறேன், தசை அசையவே இல்லை. இருபது வருஷம் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய கால், என் சொல் கேட்காமல் கிடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் முழங்கால் சிப்பிக்கு மேலே இரண்டு விரலை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். மூன்றாம் நாள் அந்த விரல்களுக்கு அடியில் மெல்ல ஒரு துடிப்பு. ‘வந்திடுச்சு சார்’ என்றார். கயலுக்கும் அந்த நாள் வரும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திரு.

நான் பட்ட ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் போன இடத்தில் கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். கால் முழுசாக நீள்கிறதா என்று யாருமே பார்க்கவில்லை. நானும் மடக்குவதிலேயே குறியாக இருந்தேன். ரெக்சினில் பவுடர் தூவிக் குதிகாலை இழுத்து இழுத்துத் தொண்ணூறு டிகிரி வந்ததும் அவ்வளவு சந்தோஷம். இடம் மாறிய பிறகுதான் தெரிந்தது, நீட்டுவதில் பத்து டிகிரி குறை. அதைச் சரிசெய்யக் கட்டிலில் குப்புறப் படுத்து, காலை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கணுக்காலில் ஒரு கிலோ பருப்புப் பையைக் கட்டிக்கொண்டு தினமும் கிடந்தேன். ஆறு வாரம் போயிற்று. முதல் இரண்டு வாரத்திலேயே பார்த்திருந்தால் அந்த வலி இல்லை.

சுருங்கிய தொடை தேறுவதற்கும் நாள் பிடிக்கும். இஞ்ச் டேப்பில் அளந்தால் எனக்கு இரண்டு தொடைக்கும் நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. ஐந்தாம் மாதம் ஒன்றரை.

அடுத்த மாநில அணித் தேர்வுக்குள் ஆடிவிடலாமா என்று அவள் கேட்பதாக எழுதியிருக்கிறாய். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வீக்கம் வடிந்து, வலி போய், படியெல்லாம் ஏறுவாள், ஓடலாம் போலத் தோன்றும். வைத்த நார் பலவீனமாக இருப்பது அந்தச் சமயத்தில்தான். அப்போது அவளைப் பிடித்து நிறுத்துவது உன் பொறுப்பு. 2016இல் வந்த ஓர் ஆய்வை என் பிசியோ சொன்னார். ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கு, தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்ப அடிபடுவது ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்ததாம். ஒன்பது மாதம் ஆனாலும், ஒற்றைக்காலில் தாவும் சோதனையில் நல்ல காலின் தொண்ணூறு சதவீதமாவது எட்டிய பிறகுதான் இறங்கலாம். தேர்வு அடுத்த வருஷமும் வரும் என்று பெரியப்பா சொன்னதாகச் சொல்.

எனக்கு ஆபரேஷன் ஆகி வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். போன வாரம் தம்பி வீட்டு விசேஷத்தில் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அம்மா இலையைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, இதைப் படித்ததும் ஒரு காரியம் செய். கயலைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, முட்டிக்குக் கீழே உன் கையை விட்டுப் பார். அப்புறம் நல்ல காலுக்குக் கீழேயும் விட்டுப் பார். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா, ஆபரேஷன் செய்த கால் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று இரவு போனில் சொல். தூக்கி நின்றால் நாளைக்கே பிசியோவிடம் அதைக் காட்டு.

அன்புடன்,
மாரியப்பன்