கற்கண்டு பாட்டிலை அசைக்க வேண்டாம்

செங்கோட்டைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை கற்கண்டு விளைவிக்கப் பிள்ளைகள் சீனிப்பாகு பாட்டிலில் கட்டித் தொங்கவிட்ட நூலில் ஒன்றையும் காணோம் என்று நேற்றே நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். மூன்று நாளில் என்ன வந்துவிடும்? ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் காலம் இது. காற்றில் ஈரம் இருந்தால் பாகிலிருந்து நீர் மெதுவாகத்தான் வற்றும். ஒரு வாரமாவது பொறுங்கள்.

அளவு மறந்தவர்களுக்கு: ஒரு தம்ளர் தண்ணீருக்கு மூன்று தம்ளர் சீனி, கரையும்வரை அடுப்பில். கொதிநீரில் கரைந்த அத்தனை சீனியையும் ஆறிய நீரால் பிடித்துவைக்க முடியாது. மிஞ்சியது நூலில் ஒட்டிய துகளைப் பற்றிக்கொண்டு வளரும். ஆகவே நூலை நனைத்து, சீனியில் புரட்டி, நன்றாகக் காயவைத்த பிறகே இறக்குங்கள். ஈரநூலை விட்டால் துகள் உதிர்ந்து அடியில் கட்டி தட்டிவிடும். என் பாட்டிலில் அதுதான் நடந்தது. கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுத்தேன்.

மூடி வேண்டாம், மெல்லிய துணி போதும். எறும்புக்காகப் பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். பனங்கற்கண்டும் இப்படி நூலில்தான் விளைகிறது, அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; தூக்கித் தூக்கிப் பார்ப்பது கொஞ்சம் குறையலாம்.