அந்த ஹோட்டலுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம். கனிம நீரூற்று விடுதிகளைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் கிரீன்பிரையர் ஹோட்டலைப் பணக்காரர்கள் ஓய்வெடுக்கும் இடம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! 1778 முதலே வாத நோய்க்காரர்கள் அந்தக் கந்தக வாடைத் தண்ணீரைத் தேடி வந்தார்கள் (குணமானதா என்பது வேறு கதை). 1858-இல் அங்கே பெரிய ஹோட்டல் வந்தது. 1910-இல் ஒரு ரயில் கம்பெனி இடத்தை வாங்கி, 1913-இல் இப்போதைய ஹோட்டலைத் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் முதலில் எதிரி நாட்டுத் தூதர்களை அங்கே காவலில் வைத்தார்கள், அப்புறம் ராணுவ மருத்துவமனை ஆக்கினார்கள்.

சரி, இதெல்லாம்கூடப் போகட்டும். அணுகுண்டு விழுந்தால் அமெரிக்க நாடாளுமன்றமே வந்து ஒளிந்துகொள்வதற்காக ஹோட்டலுக்கு அடியில் பதுங்கு குழி கட்டி, டிவி ரிப்பேர்காரர்கள் என்று சொல்லி ஆட்களை வைத்து, முப்பது வருடம் ரகசியமாகப் பராமரித்தார்களே, 1992-இல் வாஷிங்டன் போஸ்ட் போட்டு உடைக்கும் வரை! அதற்காவது நாலு வரி ஒதுக்கியிருக்கலாம்.

- ஒரு வாசகர், திருச்சி