நிலையத்துக்குள் சரக்கு இறக்க எழுதிவைத்த விதி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வேன் வைத்துப் பிழைப்பவன் நான். தோசை மாவு, கறிவேப்பிலை, முறுக்குப் பொட்டலம் என்று சிங்கப்பூரின் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையங்களை ஒட்டிய கடைகளுக்கு விடிகாலையில் கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில்.

போன மாதம் ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கே போகவேண்டும்) காலை 6.40க்கு 18 வாளி மாவோடு நின்றேன். சரக்கு இறக்கும் இடத்தில் மூன்று வண்டி நிற்கலாம். இரண்டில் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருந்தார்கள். “காண்ட்ராக்ட் லாரிக்கு, அண்ணே” என்றார் பாதுகாவலர். அந்த லாரி வரவே இல்லை. சரி என்று மூன்றாவது இடம் காலியாகும்வரை காத்திருந்து வேனை விட்டால், மின்தூக்கிக்கு அட்டை வேண்டுமாம். இருப்பது ஒரே அட்டை. சணல் கயிற்றில் கட்டி பாதுகாவலர் மேசையோரம் தொங்குகிறது. அதுவும் காண்ட்ராக்ட்காரருக்குத்தான். மற்றவர்கள், காண்ட்ராக்ட்காரரின் ஆள் யாராவது மேலே போகும்போது கூடவே ஒட்டிக்கொள்ளவேண்டும்.

ஐம்பது நிமிடம் போனது. மாவு சும்மா இருக்குமா? பொங்கி, மூடியை நெட்டித் தள்ளி, வாளியின் ஓரமாக வழிந்து டிராலியில் உறைந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு வாளியைத் திருப்பிவிட்டார். வண்டி நிறுத்தியதற்குக் கட்டணம் தனி.

பாதுகாவலர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “எழுதியதெல்லாம் இல்லை, வழக்கம்” என்றார். அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது.

என் அப்பா தஞ்சோங் பகார் ரயில் நிலையக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதியவர். 1932ல் திறந்த நிலையம் அது. முகப்பில் நான்கு வெண்பளிங்குச் சிலைகள்: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். பயணிக்கென்று ஒரு சிலைகூட இல்லை, பாருங்கள்! லாரிகள் வந்த வரிசைப்படி பின்பலகையில் சுண்ணக்கட்டியால் எண் போடுவாராம் அப்பா. பெரிய தவுக்கேயின் (முதலாளியின்) லாரியானாலும் ஒற்றை வண்டிக்காரரானாலும் அந்த எண்படிதான் உள்ளே போகும். 2011 ஜூன் 30 இரவோடு அங்கே ரயில் சேவை நின்றுபோனது.

இதையெல்லாம் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் என் மைத்துனர் மகனிடம் சொன்னேன். சிரித்தான். “மாமா, இங்கே ரயிலுக்கே இந்தக் கதை உண்டு.” இந்தியாவில் 2006 வரை கன்டெய்னர் ரயிலை அரசின் கன்டெய்னர் நிறுவனமான கான்கார் மட்டுமே ஓட்டியது. அந்த ஆண்டு தனியாருக்கும் வழி திறந்தார்கள். நாடு முழுக்க ஓட்ட உரிமக் கட்டணம் 50 கோடி ரூபாய். தண்டவாளம் கிடைத்துவிட்டது. ஆனால் பெட்டியை இறக்க முற்றமும் கிரேனும் வேண்டாமா? புதிதாக வந்தவர்கள் அதற்கும் சொந்தமாக ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டு ரயில் சட்டத்தில் இந்த முடிச்சில்தான் கை வைத்தது. சரக்கு முனையம், பெட்டி பிரிக்கும் யார்டு, எரிபொருள் நிரப்பும் இடம் ஆகியவற்றை நடத்துபவர் எல்லா ரயில் நிறுவனங்களையும் பாகுபாடில்லாமல் உள்ளே விடவேண்டும். இடமில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். என்ன வசதி, என்ன கட்டணம் என்பதை முன்கூட்டியே வெளியிடவேண்டும் என்ற விரிவான விதிகள் 2019 ஜூன் முதல் நடப்பில் உள்ளன.

நமக்கு இது புதிதுமில்லை. 2021ல் இங்கே பொதுப் பொட்டல லாக்கர்களை வைத்தபோது, எந்த கூரியர் நிறுவனமும் பயன்படுத்தலாம் என்றுதான் தொடங்கினார்கள். லாக்கருக்கு முடிந்தது மின்தூக்கிக்கு முடியாதா?

நிலையத்தில் கடைகளை நடத்துவோரிடமும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சரக்கு இறக்கும் நேரம், கட்டணம், வரிசை முறை மூன்றையும் ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள். முன்பதிவு செய்த லாரி 15 நிமிடத்தில் வராவிட்டால் கூம்பை எடுத்துவிடுங்கள். அப்புறம், இன்னோர் அட்டை அடித்துக் கொடுங்கள்.

தஞ்சோங் பகாரின் பழைய நிலையத்துக்கு அடியில் எம்ஆர்டி வட்டப் பாதையின் கேன்டன்மென்ட் நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே கடைகள் வந்தால் நானும் மாவு வாளியோடு போய் நிற்பேன். பலகையை அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வேன் உரிமையாளர்,
ஈசூன்