தம்பி, அந்த ‘இன்டர்ன்’ ஜோக்கைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

டீம் குரூப்பில் நீ போடும் ஜோக்குகளை நான் ஒன்று விடாமல் படிக்கிறேன். எங்கே சர்வர் விழுந்தாலும், எந்தக் கம்பெனியின் பாஸ்வேர்டு வெளியே வந்தாலும், செய்தி வருவதற்கு முன்பே உன் மீம் வந்துவிடுகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். நம் தொழிலில் பாதிப் பாடம் இப்படித்தான் பரவுகிறது. “கடைசியில் பார்த்தால் டிஎன்எஸ்தான்” (இணையதளப் பெயரை அதன் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) என்று சிரித்துச் சிரித்தே, கோளாறு வந்ததும் முதலில் அங்கே போய்ப் பார்க்கும் பழக்கம் பலருக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை டெப்ளாய் செய்யாதே, அதாவது புது நிரலை வெளியே விடாதே என்பதும் அப்படிப் பரவியதுதான்.

ஒரே ஒரு வகை ஜோக் மட்டும் என்னை உறுத்துகிறது. “எவனோ புது இன்டர்ன் பட்டனைத் தட்டிவிட்டான்” என்பது, அதாவது பயிற்சிக்கு வந்த ஒருவன்தான் காரணம் என்பது. இதை நீ போடுகிறாய், மற்றவர்களும் போடுகிறார்கள். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலப் புதிதாக வந்தவர்கள் எல்லா டீமிலும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

2024 ஜூலை 19-ஐ எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலை (மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு) வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு அனுப்பியது. 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. இடையில் ஓடியது 78 நிமிடம். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு உலகம் முழுக்க அதிகம் சுற்றிய ஜோக் எது தெரியுமா? பெல்ஜியத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஃப்லிபுஸ்தியே என்ற நையாண்டி எழுத்தாளர், கிரவுட்ஸ்ட்ரைக் அலுவலகத்துக்கு முன்னால் தான் நிற்பதுபோல ஒரு போலிப் படத்தைப் போட்டு, இன்றுதான் வேலையில் முதல் நாள், சின்னதாக ஒரு அப்டேட் தள்ளிவிட்டு மதியம் லீவு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். அடுத்து, வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்றும் எழுதினார். நிறையப் பேர் அதை உண்மை என்றே நம்பினார்கள்.

ஏன் நம்பினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். இப்படி ஒரு பெரிய விபத்து என்றால் யாரோ ஒரு கத்துக்குட்டிதான் காரணமாக இருப்பான் என்று நாம் வருஷக்கணக்காக ஜோக் சொல்லிச் சொல்லி, அது கேட்டவுடன் பொருந்துகிற கதையாகிவிட்டது.

நிஜத்தில் நடந்ததை அந்த நிறுவனமே ஆகஸ்டில் அறிக்கையாக வெளியிட்டது. நீ அதைப் படிக்க வேண்டும். தாக்குதலைக் கண்டுபிடிக்கும் ஒரு விதி வகைக்கு 21 உள்ளீடுகள் உண்டு என்று வரையறுத்திருந்தார்கள். ஆனால் சென்சாரில், அதாவது வாடிக்கையாளரின் கணினியில் ஓடும் அவர்களுடைய மென்பொருளில், இருந்த நிரல் 20 மட்டுமே கொடுத்தது. பிப்ரவரியிலேயே இந்த வகை வெளியே போய்விட்டது. ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அதுவரை வந்த விதிகளிலும் சோதனைகளிலும் 21-வது இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்ற வைல்டுகார்டுதான் இருந்தது. ஜூலை 19 அன்று போன அந்தக் கான்ஃபிகரேஷன் ஃபைலில், அதாவது 291-ஆம் சேனல் ஃபைலில்தான் முதன்முறையாக 21-வது உள்ளீட்டை உண்மையாகவே பார்க்கச் சொன்னார்கள். இல்லாத இடத்தில் போய் நிரல் படித்தது. சாதாரண அப்ளிகேஷனாக இருந்தால் அது மட்டும் விழுந்திருக்கும். இது கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், ஓடும் டிரைவர், அதனால் கணினியே விழுந்தது. ஃபைலைச் சரிபார்க்க வேண்டிய வேலிடேட்டரும் 21 உள்ளீடுகள் வரும் என்றே எண்ணிக்கொண்டு ‘சரி’ சொல்லிவிட்டது. கடைசியாக, இந்த வகை ஃபைல்களை முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பும் வழக்கமே அங்கே இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது.

ஃபைலைத் திரும்பப் பெற்றதோடு துன்பம் முடியவில்லை. விழுந்த கணினி மறுபடி எழுந்திருக்க முடியாததால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர் உட்கார்ந்து குறைந்தபட்ச வசதிகளோடு மட்டும் எழும் சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகிப் பூட்டியிருந்தால், அதைத் திறக்க ரெக்கவரி கீ வேண்டும். பல இடங்களில் அந்தக் கீயை வைத்திருந்த சர்வரே விழுந்து கிடந்தது. இதில் எங்கே இருக்கிறான் அந்த இன்டர்ன்? நான்கு இடத்தில் நான்கு தடுப்புகள் இருந்திருக்க வேண்டும். எதுவும் இல்லை, அல்லது எதுவும் வேலை செய்யவில்லை. இதை வைத்து எவ்வளவு நல்ல ஜோக் சொல்லலாம்! இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே உலகமே விழுந்தது என்பதைவிட ஒரு டெவலப்பருக்குச் சிரிப்பும் பயமும் தருவது வேறு என்ன இருக்கிறது?

இன்டர்ன் கதையால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்பாய். நெட்வொர்க்குகளை நிர்வகிக்கும் மென்பொருள் விற்கும் சோலார்விண்ட்ஸைப் பார். அதன் ஓரியன் மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே ஊடுருவியவர்கள் தங்கள் நிரலை வைத்தது 2020 டிசம்பரில் வெளியே வந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்த அப்டேட் போயிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. ‘சோலார்விண்ட்ஸ்123’ என்ற பாஸ்வேர்டு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்து கிடந்ததை வினோத் குமார் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் 2019-லேயே அவர்களுக்குத் தெரிவித்திருந்தார். அந்தப் பெரிய ஊடுருவலுக்கு இந்தப் பாஸ்வேர்டுதான் வழி என்று யாரும் நிறுவவில்லை. ஆனாலும் அவ்வளவு பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு அது பெரும் தலைகுனிவு. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதைக் கேட்டபோது முன்னாள் தலைமை அதிகாரி கெவின் தாம்ப்சன் சொன்ன பதில், அது ஒரு இன்டர்ன் செய்த தவறு என்பது.

நம் குரூப்பில் ஓடும் அதே வரி. ஆனால் சபையில், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் வாயிலிருந்து வருகிறது. ஒரு இன்டர்ன் வைத்த பாஸ்வேர்டு அத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி, அதை மாற்றவேண்டியது யார் பொறுப்பு என்ற கேள்விகளை அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. அன்று அதே அமர்வில் கேட்டி போர்ட்டர் என்ற உறுப்பினர், என் குழந்தைகள் ஐபேடில் யூடியூப் அதிகம் பார்க்காமலிருக்க நான் வைத்திருக்கும் பாஸ்வேர்டு இதைவிட வலுவானது என்றார். அதுவும் ஜோக்தான். ஆனால் அது விழுந்தது நிறுவனத்தின் மேல். வித்தியாசம் தெரிகிறதா?

மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தின் கதையும் இதேதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-ல் 14 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரங்கள் போயின. அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்திருந்தது. பேட்ச் போடச் சொல்ல வேண்டிய ஒருவர் சொல்லவில்லை என்று பதவி விலகிய தலைமை அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் சாட்சி சொன்னார். பிறகு வந்த நாடாளுமன்றக் குழு அறிக்கையைப் பார்த்தால், நெட்வொர்க்கில் போய்வரும் தரவைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் 19 மாதமாகக் காலாவதியாகிக் கிடந்திருக்கிறது. அதனால் 76 நாள் நடந்த திருட்டு யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒருவர் சொல்லியிருந்தாலும் இத்தனையும் சரியாகியிருக்குமா?

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் இன்னொரு தளமான கிட்லாப்பில் ஒரு பொறியாளர் தவறான டேட்டாபேஸ் சர்வரில் டைரக்டரியை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் ஒன்றும் உருப்படியாக இல்லை. தினசரி பேக்கப் எடுக்கும் நிரல் பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை மெயில் சர்வர் நிராகரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் அந்தப் பொறியாளரே ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் என்ற நகல்தான் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்தார்கள். அறிக்கையில் அவரை ‘டீம் மெம்பர் 1’ என்று மட்டுமே குறிப்பிட்டார்கள். நேரலை பார்த்தவர்கள் கிண்டலும் செய்தார்கள், ஆறுதலும் சொன்னார்கள், அப்படியே தங்கள் பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா என்றும் போய்ப் பார்த்தார்கள்.

2021 ஜூனில் ஹெச்பிஓ மேக்ஸ் என்ற வீடியோ சேவை தன் சந்தாதாரர்கள் பலருக்கு ஒரு காலி டெஸ்ட் மின்னஞ்சலைத் தவறி அனுப்பியபோது, ஆமாம், நிஜமாகவே இன்டர்ன்தான், நாங்கள் அவருக்குத் துணையாக இருக்கிறோம் என்று எழுதியது. உடனே உலகம் முழுக்க டெவலப்பர்கள் ‘அன்புள்ள இன்டர்ன்’ என்று தொடங்கித் தாங்கள் உடைத்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றும் நாம் சிரித்தோம். ஆனால் யாரும் தனியாக விடப்படவில்லை.

கிரவுட்ஸ்ட்ரைக் விஷயத்திலும் ஒன்றை மெச்சத்தான் வேண்டும். அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் ஹேக்கர்கள் கொடுக்கும் போனி (Pwnie) விருதில் ‘மாபெரும் சொதப்பல்’ பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் செண்டோனாஸ் தானே மேடையேறி வாங்கிக்கொண்டார். தலைமையகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைப்பேன் என்றார். கேலி போய்ச் சேரவேண்டிய ஆள் வந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், அடுத்த மாதத்திலிருந்து நீயும் ஆன்-கால் சுற்றில், அதாவது கோளாறு வந்தால் எந்த நேரமும் எழுந்து பார்க்க வேண்டியவர்களின் வரிசையில், வருகிறாய். ராத்திரி இரண்டு மணிக்கு உன் கையால் ஏதாவது உடையலாம். அப்போது உன் மனதில் முதலில் வருவது அந்த மீம்களாக இருந்தால், நீ அதை மறைத்துத் தனியாகச் சரிசெய்யப் பார்ப்பாய். பத்து நிமிடத்தில் முடியவேண்டியது விடியும்வரை இழுக்கும். எனக்குப் போன் செய். “அக்கா, இதை நான் ரன் பண்ணினேன், இப்படி ஆகிவிட்டது” என்று நடந்தது நடந்தபடி சொல். நான் எழுந்து வருவேன், யாரும் உன்னைக் கோபிக்க விடமாட்டேன்.

மீம் போடுவதை நிறுத்தாதே. உனக்கு அந்தக் கை இருக்கிறது, எங்கள் யாருக்கும் இல்லை. அந்த 291-ஆம் ஃபைல் அறிக்கையை இந்த வாரம் படித்து முடி. நம் டெப்ளாய் வரிசையில் எந்தச் சோதனை இன்னும் வைல்டுகார்டோடு பாஸ் ஆகிக்கொண்டிருக்கிறது என்று வியாழக்கிழமை மதியம் உட்கார்ந்து சேர்ந்து தேடுவோம். கிடைத்தால் முதல் ஜோக் உன்னுடையது.

அன்புடன்,
அக்கா